பெருமாளைச் சுற்றி வந்த பந்து

எழுதுவோம் என்று உட்காருவேன். பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போடுவேன். இப்படியே ஆண்டுகள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவன் இல்லை. சாதாரணதரப் பரீட்சையோடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. சாமி விஷயத்தை எழுத எனக்கு என்ன தகுதி என்ற பயம் ஒரு பக்கம். சம்பளம் தருகிற இடத்தைப் பற்றி எழுதலாமா என்ற பயம் இன்னொரு பக்கம். கோல்ஃப் விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று மனைவியும் கேட்டாள்.

போன மாதம் கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் ஒரு புதினச் செய்தி சொன்னார். லண்டனில் இல்ஃபோர்ட் பக்கத்தில் ஒருவருக்குக் கோல்ஃப் மைதானத்தில் பெருமாள் காட்சி கொடுத்தாராம். இரும்புப் பந்து தண்ணீரில் மிதந்ததாம். பந்தின் மேல் சங்கும் சக்கரமும் தெரிந்ததாம். அந்த ஒருவர் நான்தான். அது அவருக்குத் தெரியாது. நடந்தது அதுவல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பாயாசத்துக்குக் கிண்ணத்தை நீட்டிவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

இல்ஃபோர்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், வீடுகள் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் ஒரு கோல்ஃப் கழகம் இருக்கிறது. அங்கே அடித்துப் பழகுகிற திடலில் எனக்கு வேலை. ஆட்கள் வரிசையாக நின்று அடித்த பந்துகள் புல் முழுக்கக் கிடக்கும். முன்னால் உருளை பூட்டிய சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு போனால், உருளை பந்துகளைக் கவ்விக் கூடைக்குள் போடும். வண்டியைச் சுற்றிக் கம்பிவலை. வண்டியைக் கண்டால் அடிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். வேண்டுமென்றே குறிபார்த்து அடிப்பார்கள். தொடக்கத்தில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டுதான் ஓட்டினேன். பிறகு பழகிவிட்டது. வண்டி போகாத மூலைகளில் கிடக்கிற பந்துகளை நாங்கள் காலால் தட்டித் தட்டி ஒரு இடத்துக்குக் கொண்டுவருவோம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

கழகத்தின் முன்மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி. பழைய மட்டைகளும் பந்துகளும் அதற்குள். அதைப் பார்த்துக்கொண்டவர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து லண்டனில் தங்கிவிட்ட ஒரு முதிய உறுப்பினர். மழை நாளில் திடலை மூடினால் என்னை அலுமாரி துடைக்க அனுப்புவார்கள். வீட்டில் சாமித் தட்டைத் துடைக்கிற பழக்கத்தில், ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கி வைத்துத் துடைப்பேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கதை சொல்லத் தொடங்கிவிடுவார். என்னுடைய ஆங்கிலம் அரைகுறை. பாதியைக் கையால் காட்டுவார்.

இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது என்று கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். கடற்கரை மணல் மேட்டில், முயல்கள் கடித்துக் கட்டையாக்கிய புல்லில், ஆடு மேய்த்தவன் வளைந்த தடியால் கல்லைத் தட்டிக் குழிக்குள் விட்டான் என்பார். பிறகு தானே, அதை யார் கண்டது என்று சிரிப்பார். ஒல்லாந்தர் தாங்கள்தான் முதலில் பனிக்கட்டியின் மேல் விளையாடினோம் என்று சொல்லுவார்களாம். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பெரிதாக்கிக் கட்டிய அதே ஒல்லாந்தர்தான். அதற்கு அவர், ஆனால் குழி எங்களுடையது, அவர்கள் கம்பத்தைத்தான் குறிபார்த்தார்கள் என்று மேசையில் குத்துவார். ஆட்கள் அம்புவிடப் பழகாமல் இதிலேயே கிடக்கிறார்கள் என்று ஸ்கொட்லாந்து அரசர் தடை போட்ட காலமும் இருந்ததாம்.

அலுமாரியின் முதல் தட்டில் தோல் பந்து. ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை அவித்து, ஈரத் தோலுக்குள் ஆணியால் குத்திக் குத்தி அடைப்பார்களாம். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும்; பந்து கல்லுப் போல ஆகிவிடும். செய்தவர்களுக்கு இறகுத் தூசி நெஞ்சுக்குள் போய் இருமல். நாள் முழுக்க இருந்தாலும் சில பந்துகள்தான் தேறும். ஆகவே வசதி உள்ளவன்தான் விளையாடலாம். மழையில் நனைந்தால் பிய்ந்துவிடும். அதற்குக் கீழே கறுத்துப்போன இன்னொரு பந்து. அது கட்டாபெர்ச்சா என்கிற மரப்பாலில் செய்தது. மலாயாப் பக்கத்து மரம். எங்கள் ஊராட்கள் ஸ்டேஷன் மாஸ்டராகப் போய்ப் பென்சன் எடுத்த அதே மலாயா. அந்தப் பால் வந்த பிறகு பந்து மலிந்தது, சாதாரண ஆட்களும் விளையாட வந்தார்கள். அதன் பிறகு ரப்பர் நூல் சுற்றிய பந்து, இப்போது குழி குழியாகப் பிளாஸ்டிக் தோல் போட்ட பந்து. மட்டையும் அப்படித்தான்: முதலில் உள்ளூர் மரம், பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரம், பிறகு உருக்கு, இப்போது கார்பன்.

ஒரு நாள் அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். பழைய மாதிரி மட்டையும் பந்தும் வைத்து ஒரு நாள் விளையாடக் கழகத்தில் ஒழுங்கு செய்திருந்தார்கள். அவரிடம் தகப்பன் விட்டுப்போன ஹிக்கரி மட்டை இருந்தது. அதால் கட்டாபெர்ச்சாப் பந்தை ஒரு முறையாவது அடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தோள் ஒத்துழைக்கிற காலத்திலேயே அடித்துவிட வேண்டும் என்றார். எங்கிருந்தோ அந்தப் பாலைக் காய்ந்த தகடுகளாகத் தருவித்து வைத்திருந்தார். ஆனால் உருட்ட விரல்கள் மடங்கவில்லை. செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டில் குசினியில்தான் செய்தேன். கொதிதண்ணீரில் போட்டால் அது களி மாதிரி இளகும். கையை நனைத்துக்கொண்டு, சூட்டோடு சூடாக எள்ளுருண்டை பிடிக்கிற மாதிரி உருட்டி, அவர் தந்த அச்சுக்குள் அமுக்கி, பச்சைத்தண்ணீரில் போட வேண்டும். வீடு முழுக்க ரப்பர் மணம். மனைவி கண்டது, நான் எடுத்த பானை பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் அவிக்கிற பானை.

"சாமிப் பானையிலை சப்பாத்து அவிக்கிறியளோ?" என்றாள். பானையை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வேறு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

பந்து ஆறிய பிறகு இன்னொரு வேலை. வழுவழுப்பாக இருந்தால் அது நேரே பறக்காது, பாதியில் தலை குத்தி விழும். அடிபட்டுக் கீறல் விழுந்த பந்துதான் நன்றாகப் பறக்கும் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் விளையாடி விளையாடித்தான் கண்டுபிடித்தார்களாம். ஆகவே புதுப் பந்திலேயே சுத்தியலால் கோடு போட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலுக்குள் இருந்து தட்டித் தட்டிக் கோடு போட்டேன். ஒரு டசின் போலத் தேறின.

பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மகிழ்ச்சியில், இந்தப் பால் எப்படி விளையாட்டுக்குள் வந்தது என்று உனக்குச் சொல்லவில்லையே என்றார். சொன்னார்.

ஆசியாவிலிருந்து ஸ்கொட்லாந்தில் ஒரு வீட்டுக்குப் பெட்டி ஒன்று கப்பலில் வந்ததாம். உள்ளே விஷ்ணு சிலை. வழியில் உடையாமல் இருக்க அதைச் சுற்றி இந்த மரப்பாலை அடைத்திருந்தார்களாம். வீட்டுப் பையன் ஒருவன் அதை எடுத்து இளக்கி முதலில் காலில் போடுகிற சப்பாத்துக்கு அடிப்பாகம் போட்டானாம். மிஞ்சியதில் பந்து உருட்டி அடித்துப் பார்த்தானாம். அதுதான் தொடக்கம் என்றார். சொல்லிவிட்டு, உன்னுடைய கடவுள்தானே என்று சந்தோஷமாகக் கேட்டார்.

நான் அவருடைய கையிலிருந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லி, பந்துகளைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுடைய வழக்கம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். சுவாமியில் சாத்திக் களைந்த பூவைக் கண்ட இடத்தில் போடமாட்டோம். நிர்மாலியம் காலில் மிதிபடக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விடுவோம், அல்லது ஒரு மரத்தடியில் போடுவோம். பெருமாளின் மேனியைத் தொட்டுக்கொண்டு கடல் கடந்து வந்த பொருளைச் சப்பாத்துக்கு அடியாகப் போட்டிருக்கிறார்கள். அதே பாலை நான் உருட்டி, சுத்தியலால் அடித்து, மட்டையால் அடிக்கவும் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? மீறாவிட்டால் எப்படிக் கோயில் வாசலை மிதிப்பது?

அந்தக் கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையைக் கொட்டிலில் வைத்தேன். அங்கே செருப்புகள் கிடந்தன. உள்ளே கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன்; கீழே மீன் இருந்தது. காரின் பின்சீட்டில் வைத்தேன். ஆட்கள் உட்காருகிற இடம். சாமியறையில் வைக்கவும் மனம் வரவில்லை, அது என்ன என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாதே. வேலையில் இன்னும் மோசம். திடலில் கிடப்பது பிளாஸ்டிக் என்று தெரியும். ஆனாலும் காலைத் தூக்கினால் கால் போகவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினேன். என்னோடு வேலை செய்த தம்பி, சுவிஸில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்தவர், வாய் நிறையப் பகிடி. "என்னண்ணை, முத்துக் குளிக்கிறியளோ?" என்றார். பேசாமல் இருந்திருக்கலாம். முழுக் கதையையும் அவரிடம் சொல்லிவிட்டேன். இந்த வேலையையே விட்டுவிடலாமா என்றும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலுக்குப் போனேன். ஸ்ட்ராட்போர்டில் ரயில் மாறி, மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தேன். கீழே வைக்க மனம் இல்லை. அர்ச்சனைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் என் பையைக் கண்ட ஐயர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, கொட்டைப்பாக்கோ? பெரிசாக் கிடக்கு."

"பந்து ஐயா."

"ஆருக்கு அர்ச்சனை? நட்சத்திரம் என்ன?"

பின்னால் நின்ற ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஒரு பக்கமாக அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட வயது குறைந்தவர்; ஆனால் பொறுமையாகக் கேட்டார். அந்த விக்கிரகம் பூசையில் இருந்ததா, அல்லது விற்பதற்குச் செய்த சிலையா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"விக்கச் செய்ததெண்டால் உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை," என்றார். "பூசையிலை இருந்ததெண்டால், அதைக் கழட்டிப் பெட்டியிலை அடைச்சுக் கப்பல் ஏத்தினதுதான் பெரிய பிழை. பந்து பிறகு."

யாரோ தீபத்துக்குக் கூப்பிட்டார்கள்; அவர் போய்விட்டார். மனம் ஆறத்தான் போனேன். திரும்பி வரும்போது புதிதாக ஒன்று உள்ளே ஏறிக்கொண்டது. அந்தச் சிலை எந்தக் கோயிலில் இருந்தது? ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தவர்கள் பெருமாளைக் காணாமல் எங்கே எல்லாம் தேடினார்கள்?

மனைவியிடம் இதுவரை நான் மூச்சு விடவில்லை. அவள் யாழ்ப்பாணத்தில் வடமராட்சிக்காரி. அங்கே மணலுக்குள் இருக்கிற பெருமாள் கோயிலுக்கு நேர்ந்து பிறந்தவள். புரட்டாதிச் சனி தவறாமல் விரதம் இருப்பவள். கேட்டால் துடித்துப்போவாள், ஞாயிற்றுக்கிழமை என்னை வெளியே விடமாட்டாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம், அவள் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, நான் பையை அரிசி வாளியின் மேல் வைக்கப் போனேன்.

"இஞ்சாருங்கோ. பூனை குட்டியைக் காவுற மாதிரி இந்தக் கிழமை முழுக்க உந்தப் பையைக் காவிக்கொண்டு திரியிறியள். என்ன அது, உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னேன். சப்பாத்து அடி வரைக்கும் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சிலை உடையாமல் போய்ச் சேர்ந்ததாமோ?"

"ஓம். அப்பிடித்தான் சொன்னவர்."

"அப்ப அது தன்ரை வேலையைச் செய்திட்டுது," என்றாள். கறியைக் கிளறிக்கொண்டே, "நீங்கள் வரேக்கை பிள்ளையாரைச் சுத்திக்கொண்டு வந்த பெனியன் எங்கை?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் ஊரை விட்டு வரும்போது கையளவு பித்தளைப் பிள்ளையார் ஒன்றைப் பெனியனில் சுற்றிப் பையின் நடுவில் வைத்துக்கொண்டு எத்தனையோ நாடு தாண்டி வந்தேன். இன்றும் எங்கள் சாமித்தட்டில் அவர்தான் நடுவில். குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுக்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால் குளிரில் வரிசையில் நின்றபோது, மாற்றிப் போட வேறு இல்லாமல் அந்தப் பெனியனைத்தான் உள்ளே போட்டிருந்தேன். பிறகு அது கிழிந்தது.

"அது வெறும் பெனியன்," என்றேன்.

"நான்தான் அதை வெட்டி அடுப்புத் துடைச்சனான். கடைசித் துண்டாலை நீங்கள் காருக்கு எண்ணெய் துடைச்சனியள். பிள்ளையார் கோவிச்சவரோ? உங்கடை பெனியன் மட்டும் பெனியன், அந்த மனுசன்ரை பந்து மட்டும் நிர்மாலியமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சொன்ன சொல்லைக் காப்பாத்துங்கோ. அவரின்ரை தோள் எத்தினை நாளைக்கு உந்த மட்டையைத் தூக்கும்? கையாலை குடுங்கோ. ஒருத்தரின்ரை காலிலையும் படாமல் நிண்டு பாருங்கோ. அதுக்கு மேலை பெருமாள் பாப்பார்."

ஞாயிற்றுக்கிழமை காலை நீறு பூசிக்கொண்டு போனேன். பையைக் கொடுக்கும் முன் அவரிடம் என் கலக்கத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சிலையைச் சுற்றியது எங்களுக்குக் குப்பை இல்லை என்றேன். அந்தச் சிலை இப்போது எங்கே என்றும் கேட்டேன். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். இந்தக் கதையை எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரிப்பார்கள், சிலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை என்றார். எங்கே என்று தனக்குத் தெரியாது. கதையே எவ்வளவு உண்மை என்றும் தெரியாது. ஒருவர் கறுத்த சலவைக்கல் என்பார், இன்னொருவர் வேறு ஏதோ என்பார். வாய்க்கு வாய் மாறி வந்த கதை என்றார். பிறகு, நீ வேண்டாம் என்றால் நான் அடிக்கவில்லை என்று மட்டையைக் கீழே வைத்தார்.

அவர் அப்படிச் சொன்னதும் என் கை தானாகப் பைக்குள் போனது. ஒரு பந்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார்.

தோளை முழுக்க உயர்த்த முடியாமல் பாதி வீச்சில்தான் அடித்தார். மரத்தில் பட்ட சத்தம் இந்தக் காலத்து மட்டைகளின் சத்தம் போல இல்லை. உரலில் உலக்கை விழுந்த மாதிரி இருந்தது. பந்து கொஞ்ச தூரம் நேரே போய், இடப்பக்கம் வளைந்து, குளத்துக்குள் விழுந்தது. நின்றவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நிர்மாலியம் போக வேண்டிய இடத்துக்குத்தானே போயிருக்கிறது. என் பாட்டில் கும்பிட்டேன்.

கும்பிட்டுக் கையை எடுப்பதற்குள் அது மேலே வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பந்து என்றால் கல்லுப் போலத் தாழும். வலை போட்டு அள்ளியிருக்கிறேன், எனக்குத் தெரியும். இது மிதந்தது. எங்கள் பக்கம் பார்த்துக் காற்று அடித்தது. மெல்ல மெல்ல ஆடிக்கொண்டு கரைக்கு வந்தது.

"அண்ணை, திரும்பி வாறார்," என்றார் பக்கத்தில் நின்ற தம்பி. அவருடைய குரலில் பகிடி இல்லை.

முதியவர் சிரித்துக்கொண்டு, இந்தப் பால் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, மிதக்கத்தான் செய்யும், உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். நான் சேற்றில் முழங்காலிட்டுக் கையால் எடுத்தேன். சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். விதிப்படி கணக்கில் தண்டமாக ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டு, கரையில் வைத்து மறுபடி அடித்தார். இந்த முறை நேரே போனது. அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பின்னேரம் வேறொருவர் என் பையிலிருந்து வாங்கி அடித்த பந்து ஒன்று இரண்டாகப் பிளந்தது. அந்தக் காலத்தில் பெரிய துண்டு கிடக்கிற இடத்திலிருந்து அடுத்த பந்தை அடிப்பார்களாம். அவர்கள் அப்படியே விளையாடிக்கொண்டு போனார்கள். துண்டுகளைப் பொறுக்கிக் குளத்தடி மரத்தின் கீழே போட்டேன். முதியவர் அதைக் கண்டார். ஒன்றும் கேட்காமல் அந்த இடத்தைச் சுற்றி விலகி நடந்தார்.

வேலையை நான் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பந்தைக் காலால் தட்டுவதில்லை. இடுப்பு நோகிறது, மனைவி எண்ணெய் பூசிவிடுகிறாள், கூடவே ஏச்சும் தருகிறாள். முதியவர் இப்போது இல்லை. நான் உருட்டிய பந்து ஒன்று அலுமாரியில் தோல் பந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை நாளில் துடைக்கிறேன். ஐயர் ஏற்றிவிட்ட கேள்வி மட்டும் இன்னும் இறங்கவில்லை. நகரத்துப் பக்கம் போகும்போது அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவேன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொரு பெருமாளையும் பார்த்து, நீங்கள்தானா என்று மனதுக்குள் கேட்பேன். காவலாளி என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு வந்துவிடுவேன்.

அந்தச் சிலையின் கதை வாய்க்கு வாய் மாறியதால்தான் அது எங்கே என்று இன்று ஒருவருக்கும் தெரியவில்லை. என்னுடைய கதையும் சில வருடத்துக்குள்ளேயே இரும்பும் சங்கும் சக்கரமுமாக மாறி, என் இலைக்கே வந்து சேர்ந்தது. ஆகவே வாசிக்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். யாருக்காவது சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பந்து மரப்பால் என்றே சொல்லுங்கள். அதன் மேல் இருந்தவை நான் சுத்தியலால் போட்ட கோடுகள். பாரம் குறைந்ததால் மிதந்தது, காற்று அடித்ததால் கரைக்கு வந்தது, நான் குனிந்து கையால் எடுத்தேன். பெருமாள் எங்கே என்று கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.